அடி வாங்கும் மொழிபெயர்ப்பாளன்

'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் சி-த்ரீபிஓவைப் பார்த்து என் பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்குக் கோபம்தான் வருகிறது. தூதர்களுக்கும் தலைவர்களுக்கும் துணை நிற்கச் செய்யப்பட்ட ரோபோ ரகம் அது. 60 லட்சத்துக்கு மேல் மொழிவகைகள் அத்துப்படி. 1983-இல் வந்த படத்தில், எதிராளி ஐம்பதாயிரம் கேட்டதை ஜப்பாவிடம் அப்படியே சொல்கிறது. அடி விழுவது கேட்டவருக்கு அல்ல, சொன்னதற்கு! 2005-இல் வந்த படத்திலோ ஒரு செனட்டர் அதன் நினைவையே அழிக்கச் சொல்கிறார்.

பிரெஞ்சுக் கடிதங்களை ஆங்கிலமாக்கிய குமாஸ்தா நான். 'தெமாந்தே' என்றால் கேட்பதுதான், 'டிமாண்ட்' அல்ல என்று சொல்லப்போய் அதிகாரியிடம் வசவு வாங்கியிருக்கிறேன். சொன்னவனை அடித்தால் சொல் மாறிவிடுமா? அந்தப் பொன்னிற ரோபோவைக் கோழை என்று சிரிக்காதீர்கள். நடுங்கிக்கொண்டேயானாலும் உள்ளதைத்தான் சொல்கிறது.