வீட்டுக்கு ஒலிக்கருவி வாங்குமுன்



சுவரில் பெரிய ரி.வி. மாட்டியாயிற்று. படம் கண்ணாடி போலத் தெரிகிறது. ஆனால் செய்தி வாசிப்பவர் சொல்வது மட்டும் விளங்கவில்லை. "என்னவாம்? என்னவாம்?" என்று மாமி நான்கு தடவை கேட்கிறார். சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசை காதைப் பிளக்கிறது; பேச்சு மட்டும் அப்படியே மங்கலாக இருக்கிறது. ரி.வி. மெலிய மெலிய, அதற்குள் இருக்கும் ஸ்பீக்கரும் சிறுத்துப்போனதுதான் காரணம். அது பெரும்பாலும் கீழ்ப்புறமாகவோ பின்புறமாகவோ சுவரைப் பார்த்தே ஒலிக்கிறது.

உடனே வீட்டில் 'ஹோம் தியேட்டர்' பேச்சு எழும். கடைக்காரர் ஆறு பெட்டிகளை அடுக்கிக் காட்டுவார். "தவணையும் போட்டுத் தருகிறோம்" என்பார். வீட்டு ஆண்கள் பெட்டியின் பருமனைப் பார்ப்பார்கள், பிள்ளைகள் மினுங்கும் விளக்கைப் பார்ப்பார்கள். மாதக் கடைசியில் குடும்பச் செலவை எப்படி ஒப்பேற்றுவது என்று பார்ப்பவர் நீங்கள். ஆகவே இதை உங்களுக்கே எழுதுகிறேன். முதலில் மனதில் இருத்த வேண்டியது ஒன்றுதான்: சத்தம் வேறு, தெளிவு வேறு. கையில் குறைந்த பணம் உள்ளவர் தெளிவைத்தான் விலை கொடுத்து வாங்க வேண்டும்.

மூன்று வாட்ஸில் உலகச் செய்தி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, நிலாவரைக் கிணறு இருக்கும் புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டு வீடுகளுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. ரேடியோவுக்குப் போடும் பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருளாயிற்று. மக்கள் என்ன செய்தார்கள்? சைக்கிளை நிறுத்தி வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்தார்கள். மாலையில் பி.பி.சி. தமிழோசையை அப்படித்தான் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட்ஸ் அளவு. அந்த மூன்று வாட்ஸில், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றில், முற்றத்தில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

அந்தத் தலைமுறை அறிந்த உண்மையைத்தான் இன்றைய விளம்பரம் மறைக்கிறது. பெட்டியில் '5000 வாட்ஸ்' என்று போட்டிருந்தால் அருகில் பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அது கண நேரத்து உச்சத்தைக் கற்பனையாய்க் கூட்டிச் சொல்லும் கணக்கு. ஆர்.எம்.எஸ். என்று குறித்திருப்பதே தொடர்ந்து கிடைக்கும் சக்தி. 5000 என்று முன்பக்கத்தில் முழங்கும் பெட்டியின் ஆர்.எம்.எஸ். கணக்கு சில பத்து வாட்ஸாகவே இருப்பதுண்டு. இந்த வாட்ஸ் புளுகு எல்லா நாட்டிலும் உள்ளதுதான். அமெரிக்காவில் அம்ப்ளிஃபயர் விற்பவர்கள் எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று 1974 இலேயே அரசு விதி போட நேர்ந்தது.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கட்டும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே 50 வாட்ஸ் ரிசீவருக்கும் 100 வாட்ஸ் ரிசீவருக்கும் விலையில் தெரியும் அளவுக்கு வித்தியாசம் காதில் தெரியாது. மாறாக, ஸ்பீக்கரின் உணர்திறனைப் பாருங்கள். ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 87 டெசிபல் தருகிறதா, 90 தருகிறதா என்று அதன் கையேட்டில் இருக்கும். 90 தரும் ஸ்பீக்கருக்குப் பாதி வாட்ஸே போதும். சாதாரணமாகப் பேசும் ஒலி 60 டெசிபல் அளவு என்பதை நினைத்துப் பார்த்தால், வீட்டில் அன்றாடம் நாம் கேட்பது ஒரு வாட்ஸுக்கும் குறைவான சக்தியில்தான் என்பது விளங்கும்.

எதற்கு எவ்வளவு?

ஒதுக்கிய பணம் நூறு ரூபா என்றால், அறுபதை ஸ்பீக்கருக்கும், முப்பத்தைந்தை ரிசீவருக்கும், ஐந்தை வயருக்கும் வையுங்கள். ரிசீவர் சில வருடத்தில் பழைய மாதிரியாகிவிடும். நல்ல ஸ்பீக்கரோ இருபது வருடம் உழைக்கும்.

ஆறு பெட்டி எதற்கு என்ற கேள்வி வரும். 1992 இல் திரையரங்குகளுக்கு வந்த டொல்பி டிஜிட்டல் முறையில் ஐந்து திசை ஒலியும், அடித்தொனிக்கென்று தனியாக ஒன்றும் உண்டு. அதைத்தான் 5.1 என்கிறார்கள். முன்னால் இடம், வலம், நடு, பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இரண்டு, அடித்தொனிக்குச் சப்வூஃபர். பேச்சில் பெரும்பகுதி வருவது நடு ஸ்பீக்கரில். இந்த ஆறையும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இந்த ஒழுங்கில் வாங்குங்கள். முதலில் 5.1 வசதியுள்ள ஒரு ரிசீவரும் தரமான இரண்டு ஸ்பீக்கர்களும். நடு ஸ்பீக்கர் இல்லை என்று ரிசீவரில் பதிந்துவிட்டால், பேச்சை அது இரண்டு பக்கமும் பகிர்ந்து கொடுக்கும். ஒரு சொல்லும் விடுபடாது. பணம் சேர்ந்ததும் நடு ஸ்பீக்கர், அதுவும் முதல் இரண்டின் அதே வரிசையைச் சேர்ந்ததாக. பிறகு சப்வூஃபர். பின்பக்க இரண்டும் கடைசியில். மலிவான ஆறு பெட்டிகளைவிட நல்ல இரண்டு பெட்டிகள் தெளிவாகப் பேசும்.

எல்லாம் ஒரே பெட்டியில் வரும் மலிவுத் தொகுதிகளில் பலவற்றில் செருகிகூட அந்தக் கம்பனிக்கே உரியது. ஒன்று பழுதானால் மற்றதும் பயனற்றுப் போகும். அறை மிகச் சிறியது, வயர் இழுக்க வசதியில்லை என்றால், ரி.வி.க்குக் கீழே வைக்கும் நீளமான சவுண்ட்பார் ஒன்று போதும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ரிசீவர் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். உங்கள் ரி.வி.யில் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளை இருந்தால், ரிசீவரிலும் அது இருக்க வேண்டும்; ஒரே வயரில் வேலை முடியும். ஸ்பீக்கரில் 4 ஓம், 6 ஓம், 8 ஓம் என்று இருக்கும். ரிசீவர் தாங்கும் ஆகக்குறைந்த ஓமுக்குக் கீழே போனால் அது சூடேறி அணைந்துபோகும். மூன்றாவது, எல்லா ஸ்பீக்கரையும் ஒன்றாக ஓட்டும்போது எத்தனை வாட்ஸ் என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் ஓட்டி அளந்து, பெரிய எண்ணைப் போடுவது வழக்கம்.

வயருக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் ஒரு வீட்டு ஹோலுக்குத் தாராளம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று மாறாமல் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மாறிவிட்டால் அடித்தொனி மெலிந்து, குரல் எங்கிருந்தோ வருவது போலிருக்கும்.

வெளிநாட்டுச் செட்டும் நம் மின்சாரமும்

குடாநாட்டு வீடுகளில் கனடாவிலிருந்து வந்த பொருள் ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே மின்சாரம் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். நம் நாட்டில் 230. கனடாச் செட்டை நேராகச் செருகினால் ஒரு நொடியில் புகை வரும். பின்பக்கம் எழுதியிருப்பதை வாசிக்காமல் எதையும் செருகாதீர்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால், வோல்ட் இறக்கும் ட்ரான்ஸ்ஃபோமருக்கும் சேர்த்துச் செலவைக் கணக்கிடுங்கள். லண்டன், பிரான்ஸ், சுவிஸ் செட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. செருகி மட்டும் மாறலாம்.

பழைய ஸ்பீக்கர் வாங்கினால் முன்மூடியைக் கழற்றிப் பாருங்கள். கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பொஞ்ச் விளிம்பு பத்துப் பதினைந்து வருடத்தில் உதிர்ந்துவிடும்; நம் ஈரக் காற்றில் இன்னும் சீக்கிரம். ரப்பர் விளிம்பு நீண்டு உழைக்கும்.

இடி மின்னல் காலத்தில் மின் செருகியோடு கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் போனால் ரிசீவரின் செருகியையும் கழற்றுவது நல்லது. திரும்பி வரும் வேகத்தில்தான் கருவிகள் எரிகின்றன. அதோடு, பூவேலை செய்த துணியால் ரிசீவரை மூடி அழகு பார்க்க வேண்டாம். மேல் துளைகள் அதன் மூக்கு. அடைத்தால் அதற்கு ஆயுள் குறையும்.

காசு செலவழியாத திருத்தம்

சீமெந்துச் சுவர், பளபளக்கும் டைல்ஸ் தரை, வெறும் ஜன்னல். இப்படிப்பட்ட அறையில் எந்த விலையுயர்ந்த ஸ்பீக்கரும் எதிரொலிக்கும். தடித்த திரைச்சீலை, தரைக்கு ஒரு பாய் அல்லது கம்பளம், புத்தக அலுமாரி ஆகியவை எதிரொலியைக் குடிக்கும். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்கள் உட்காரும் இடமும் முக்கோணமாக அமையட்டும். சிறிய வட்டம் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும். மூலையில் தள்ளி வைத்தால் அடித்தொனி வீங்கி, பேச்சை விழுங்கும். சுவரிலிருந்து ஒரு முழமாவது முன்னே இழுங்கள்.

வயதானவர்களுக்கு முதலில் குறைவது கீச்சுத் தொனியைக் கேட்கும் சக்தி. ச, த, ப போன்ற மெய்யொலிகள் அவர்களுக்கு ஒன்றோடொன்று குழம்பும். சத்தத்தைக் கூட்டுவதைவிட, ரிசீவரில் நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் உயர்த்தி, அடித்தொனியைக் குறைத்துப் பாருங்கள். மாமியின் "என்னவாம்?" குறையும்.

தவணையின் உண்மை விலை

இலட்சம் ரூபாச் செட் ஒன்று, மாதம் 10,500 வீதம் பன்னிரண்டு தவணை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,26,000. 'இருபத்தாறு வீதம்தானே' என்பார்கள். மாதாமாதம் கடன் குறைந்துகொண்டு வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால், உண்மை வட்டி வருடத்துக்கு 45 வீதம்! வட்டி நமக்கு விலக்கப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதை நம்பாதவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. நுண்கடன் சுமை நம் நாட்டுப் பெண்களை எவ்வளவு நசுக்கியது என்றால், 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களில் நிலுவையானவற்றை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் சோனகத் தெரு வீடுகளில் ரேடியோவையும் தையல் மெஷினையும் விட்டுவிட்டே புத்தளத்துக்கும் பிற ஊர்களுக்கும் நடந்தன. ஐந்து வருடம் கழித்து, 1995 அக்டோபரில், வலிகாமத்து அயலவர்களும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். பொருள் வரும், போகும். கடன் ஒன்றுதான் போகுமிடமெல்லாம் கூடவே வரும். அதை ஒரு பொழுதுபோக்குக் கருவிக்காகத் தலையில் ஏற்றாதீர்கள். நம்பிக்கையான பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, ஏலக் கழிவு இல்லாத சீட்டுப் பிடியுங்கள். முறை வரும்போது ஒவ்வொரு பெட்டியாக வாங்கலாம்.

அயல் வீட்டுக் காது

அடித்தொனி சுவரையும் கடந்து போகும். கிடுகு வேலிக்கும் தகர வேலிக்கும் அது ஒரு பொருட்டே அல்ல. பக்கத்து வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம், நோயாளி இருக்கலாம். அயலவர் எந்த மதத்தவரானாலும் அவருடைய உறக்கம் நம்மிடம் உள்ள அமானிதம். இஷாவுக்குப் பிறகு சப்வூஃபரை அணைத்துவிடுவது நல்ல வழக்கம். உங்கள் பிள்ளைகளின் காதுக்கும் எல்லை உண்டு. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு 75.

கடைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். உங்களுக்குப் பழக்கமான ஒரு கிராஅத்தையும் ஒரு செய்தி வாசிப்பையும் போனில் பதிந்து எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் மேளச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி, உங்களுடையதை மெல்லிய சத்தத்தில் போடச் சொல்லுங்கள். இரண்டு செட்டை ஒப்பிட்டால் இரண்டையும் ஒரே சத்தத்தில் கேளுங்கள். சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகவே தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போது, ஒவ்வோர் எழுத்தும் அதனதன் இடத்தில் விழுகிறதா? விழுந்தால் விலை பேசுங்கள். இல்லாவிட்டால் ஸலாம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

வஸ்ஸலாம்.