பூஜ்யத்திலிருந்து தொடங்குவோம்!



"ஆண்டு மலருக்கு ஏதாச்சும் எழுதுடா" என்று யூனியன் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்தால் நிலா, அம்மா, நட்பு மூன்றையும் மற்ற டிபார்ட்மெண்ட்காரர்கள் எடுத்துக்கொண்டு விட்டார்கள். மிச்சமிருந்தது 'அரே' ஒன்றுதான்! சிரிக்காதீர்கள். இந்தக் கட்டுரையே அந்தச் சிரிப்பைப் பற்றித்தான்.

நான் ப்ளஸ் டூ முடித்துவிட்டு நேரே இரண்டாமாண்டில் வந்து சேர்ந்தவன். தமிழ் மீடியம். பள்ளிக்கூடக் கணினி அறிவியல் புத்தகத்தில் 'அணி' என்று ஒரு பாடம் உண்டு. அதற்கு முன் எனக்குத் தெரிந்த அணிகள் இரண்டே இரண்டு. ஒன்று, தமிழ் ஐயா நடத்திய உவமை அணி. இன்னொன்று, எங்கள் ஊர்க் கபடி அணி. மூன்றாவதாக வந்த இந்த அணியையும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிவிட்டேன். மாறி, மடக்கு, சுட்டு எல்லாம் அப்படியே உள்ளே போயின. (சுட்டு என்றால் இன்றைக்கும் எனக்குத் தோசைதான் ஞாபகம் வருகிறது!)

இங்கே வந்தால் சார் 'அரே' என்கிறார், 'லூப்' என்கிறார், 'பாயிண்டர்' என்கிறார். ஏதோ புதுச் சமாச்சாரம் போலிருக்கிறது என்று பயபக்தியோடு எழுதிக்கொண்டேன். அணியும் அரேயும் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று.

அப்புறம் லேப். எங்கள் லேபில் ஓடுவது பழைய டர்போ சி. ஐந்து பாட மார்க்கைக் கூட்டிச் சொல்ல வேண்டும். 'இன்ட் மார்க்[5]' என்று போட்டு, மார்க்[1] முதல் மார்க்[5] வரை ஒழுங்காக நிரப்பினேன். ஐந்து பாடம் என்றால் ஒன்றிலிருந்து ஐந்து வரைதானே? கூட்டும் லூப்பை மட்டும் பக்கத்து சிஸ்டத்தைப் பார்த்து எழுதினேன். அது 0 முதல் 4 வரை ஓடியது. விடை என்ன தெரியுமா? மைனஸ் நாலாயிரத்துச் சொச்சம்! நான் எதுவுமே போடாத மார்க்[0]-இல் பழைய குப்பை ஏதோ கிடந்திருக்கிறது. "டேய், அரியர் வாங்கினவனைப் பார்த்திருக்கேன், மைனஸ் வாங்கினவனை இப்பத்தான்டா பாக்கறேன்" என்றான் பக்கத்து சிஸ்டத்துக்காரன்.

அவன் யோக்கியதை மட்டும் என்ன? ஃபார் லூப்பின் தலையிலேயே அரைப்புள்ளி வைத்துவிட்டு, "ஏன்டா ஒரு தடவைதான் வருது?" என்று பீரியட் முழுக்க முழித்தவன் அவன். இன்னொருத்தன், 'பாஸா?' என்று ஒப்பிட வேண்டிய இடத்தில் இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்றே ஒன்று போட்டான். எல்லாரும் பாஸ்! எங்கள் வகுப்பு நூற்றுக்கு நூறு தேர்ச்சி கண்ட ஒரே நாள் அதுதான்.

பிராக்டிகல் அன்றைக்கு இன்னும் கூத்து. 'பபிள் சார்ட்' ப்ரோகிராமை வரி விடாமல் மனப்பாடம் பண்ணி வந்திருந்தான் ஒரு நண்பன். எக்ஸ்டர்னல் கேட்டது இறங்கு வரிசை. ஒரே ஒரு குறியைத் திருப்பினால் போதும். அது அவனுக்குத் தெரியவில்லை. ஏறு வரிசையில் வந்த விடையைக் காட்டி, "கீழேர்ந்து மேலே படிச்சுக்கோங்க சார்" என்றானே பார்க்கலாம்!

இதையெல்லாம் சொல்லி இன்றைக்கும் கேன்டீனில் சிரிக்கிறோம். நல்ல சிரிப்புதான். ஆனால் இன்னொரு சிரிப்பும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன்.

அரே நடத்திய முதல் நாள், கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். பத்தாவது முடித்து வந்தவன். அப்பா தறி ஓட்டுகிறவர். "ஏனுங்க சார், ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சா என்னங்க? எதுக்குங்க பூஜ்யம்?" என்று கேட்டான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. சார் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சத்தம் அடங்கவில்லை. போர்ஷன் முடிக்க வேண்டும், அவரும் மேலே போய்விட்டார். அவன் உட்கார்ந்தான். அதன் பிறகு எந்த வகுப்பிலும் அவன் எழுந்து நான் பார்த்ததில்லை. அந்த செமஸ்டரில் அரியர். அடுத்த செமஸ்டரில் ஆளையே காணோம்.

நண்பர்களே, அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதைவிடக் கேவலம், அவன் கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியாது! தெரியாததை மறைக்கத்தான் சிரித்தேன்.

பதில் என்ன? மைனஸ் மார்க் வாங்கிய பிறகு ஒரு சீனியர் அண்ணன்தான் பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டினார். அரேயின் பெயர் முதல் கட்டத்தின் முகவரியைக் காட்டுகிறது. அடைப்புக்குள் போடும் எண், அங்கிருந்து எத்தனை கட்டம் தள்ளிப் போக வேண்டும் என்ற கணக்கு. முதல் கட்டம் 1000-இல் இருந்தால், டர்போ சி-யில் ஓர் 'இன்ட்'டுக்கு 2 பைட். மார்க்[3] எங்கே? 1000-உடன் மூவிரண்டு ஆறு, 1006. முதல் கட்டத்துக்கு எத்தனை தள்ளிப் போக வேண்டும்? ஒன்றும் வேண்டாம். அதனால் பூஜ்யம். அவ்வளவுதான்!

இன்னொரு விஷயம் கேளுங்கள். நாங்கள் சிரித்த அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, எண்ணிக்கை ஏன் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்று 1982-இல் ஒரு குறிப்பே எழுதினார் டைக்ஸ்ட்ரா. 1972-இல் டூரிங் விருது பெற்ற மேதை அவர். மறுபக்கம், 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் ஒன்றிலிருந்துதான் எண்ணியது. மேட்லேப், ஆர், லுவா மொழிகளும் ஒன்றிலிருந்துதான் எண்ணுகின்றன. ஆக, மேதைகள் உட்கார்ந்து விவாதித்த கேள்வி அது. எங்கள் கடைசி பெஞ்சில் அது தானாகவே முளைத்தது. நாங்கள் கிள்ளி எறிந்தோம்.

"ஒரு கட்டம் தள்ளிப் போனா குடியா முழுகிடும்?" என்பீர்கள். சி மொழி அரேயின் எல்லையைக் காவல் காக்காது. 1988 நவம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் மோரிஸ் விட்ட 'வோர்ம்' ஆயிரக்கணக்கான கணினிகளைப் படுக்க வைத்தது. அது புகுந்த வழிகளில் ஒன்று, 512 பைட் அரேக்குள் 536 பைட்டைத் திணித்தது. அளவு பார்க்காமல் வாங்கிப் போட்டது 'கெட்ஸ்' என்ற செயற்கூறு. 2011-இல் சி மொழியின் தர வரையறையிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். எல்லை தெரியாமல் எழுதுவது சின்ன விஷயமில்லை.

"இப்பத்தான் செல்போன்ல கேட்டா முழு ப்ரோகிராமும் வந்துடுதே" என்று சிலர் சொல்லலாம். வரட்டும். வந்தது சரியா தப்பா என்று யார் பார்ப்பது? கட்டம் போட்டுப் பார்க்கத் தெரியாதவனுக்கு, மெஷின் எழுதித் தந்ததும் பபிள் சார்ட் மனப்பாடமும் ஒன்றுதான்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். தறிப்பட்டறையில் நைட் ஷிப்ட். நலம் விசாரித்தபின் அவனே கேட்டான், "ஏன்டா, அந்தப் பூஜ்யம் ஏன்னு தெரிஞ்சுதா?" எனக்குச் சுருக்கென்றது. "நீ நிக்கற ஸ்டாப்புக்குப் போக எத்தனை ஸ்டாப் தாண்டணும்?" என்றேன். "எதுக்குத் தாண்டணும்? இங்கதான நிக்கறேன்" என்றான். கொஞ்சம் யோசித்தான். முகம் மலர்ந்தது. "இவ்வளவுதானா! இதை அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருந்தா..." அதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது.

ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காததால் மட்டும் ஒருத்தன் படிப்பை விட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக் கஷ்டமும் இருந்திருக்கும். ஆனால் கஷ்டத்தோடு வருகிறவனுக்கு வகுப்பாவது ஆறுதலாக இருக்க வேண்டாமா?

எனவே யூனியனுக்கு என் கோரிக்கை. நம் ரெக்கார்டு நோட்டில் சரியான விடைக்கு மட்டும்தான் இடம். ஆனால் நாம் கற்றதெல்லாம் தப்பான விடையில்தானே? லேபில் ஒரு 'தப்பு நோட்டு' வையுங்கள். என்ன தப்பு வந்தது, ஏன் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று அவரவர் எழுதட்டும். பெயர் போட வேண்டியதில்லை. என் மைனஸ் நாலாயிரத்தை முதல் பக்கத்தில் நானே எழுதித் தருகிறேன். வாரம் ஒரு மணி நேரம் சீனியர்கள் உட்கார்ந்து, அணி என்றாலும் அரே என்றாலும் ஒன்றுதான் என்று நம் பேச்சுத் தமிழிலேயே ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

அடுத்த முறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தால் சிரிக்காதீர்கள். உங்களுக்கும் பதில் தெரியாமல் இருக்கலாம்! அன்றிலிருந்து எண்ண ஆரம்பிப்போம், பூஜ்யத்திலிருந்து.

செய்வோமா நண்பர்களே?

– மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை