களத்து இடைவெளியில சிமெண்ட் பூசாதீங்க

எங்க சேத்தியாத்தோப்புப் பக்கம் சம்பா அறுப்பு முடிஞ்சா நெல்லு காய ஒரு இடம் வேணும். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும்கிறது பொது விதி. மழை வருஷத்துல அரசாங்கம் கொஞ்சம் தளர்த்தும். ஆனா அந்த உத்தரவு வர்றதுக்குள்ள குவியல்ல நெல்லு முளை விட்டுடும். அதனால நல்ல களம் இருக்குற ஊர்க்காரன் கொடுத்து வச்சவன்.

சிமெண்ட் களத்தைக் கட்டம் கட்டமாப் போட்டு, நடுவுல விரலளவு இடைவெளி விட்டு, அதுல தார் ஊத்தியிருப்பாங்க. பட்டணத்துல கார் நிறுத்துற தளத்துல நீங்களும் பார்த்திருப்பீங்க. கான்கிரீட் வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும். 10 மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி சூடு ஏறினா சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். கேக்க அற்பமாத்தான் தெரியும். நீள இடமில்லாட்டி அதுவே ஓரத்தை உடைச்சுடும், இல்ல கட்டத்தையே மேல தூக்கிடும். அந்தக் கால ரயில் தண்டவாளத்துல சந்து விட்டதும் இதுக்குத்தான்.

நாளாக நாளாகத் தார் இறுகி, வெடிச்சு, துண்டு துண்டாப் பேந்து வந்துடும். அந்தச் சந்துல நெல்லு விழும், அருகம்புல்லு முளைக்கும், நெல்லு வாசனைக்கு எலி வரும். மழைத்தண்ணி உள்ள இறங்கி அடிமண்ணை அரிக்கும். எங்க மண்ணு களிமண்ணு வேற. ஈரத்துல உப்பும், கோடையில பாளம் பாளமா வெடிக்கும். ஒரு பக்கம் தளம் இறங்கினா அங்க தண்ணி தேங்கும். அப்புறம் அது என்ன உலர்களம்?

இதுக்கு நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம், ரெண்டு சட்டி சிமெண்ட் கலவை. பக்கத்துல ஒரு பொதுக்களத்துல அப்படித்தான் அடைச்சாங்க. பார்க்க வழவழன்னு இருந்துச்சு. சித்திரை வெயில்ல ஓரமெல்லாம் சில்லு சில்லாப் பேந்துடுச்சு. அந்தச் சில்லு நெல்லோட மூட்டைக்குப் போகுது. கடைசியில உங்க சோத்துலதான் கடிபடும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்ல. பழைய தாரையும் மண்ணையும் கம்பியால சுரண்டி, கூட்டி, சந்தை நல்லாக் காய விடணும். ஈரத்துல தார் ஒட்டாது. அடியில தேங்காய் நார்க்கயிறைத் திணிச்சா தார் மிச்சமாகும். அதுமேல காய்ஞ்ச மணல் கலந்த சூட்டுத் தாரை ஊத்தி, தளத்துக்குக் கொஞ்சம் தாழ நிறுத்தணும். முட்ட ஊத்தினா வெயில்ல பிதுங்கி நெல்லுல ஒட்டும். உச்சி வெயில் நாளும் வேண்டாம், கடும் பனி நாளும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல சந்து நடுத்தர அகலத்துல இருக்கும்போது செய்யறதுதான் சரி.

புதுக் களம் கட்டினா திறப்பு விழா உண்டு, பேரு பொறிச்ச கல்லு உண்டு. சந்துக்குத் தார் ஊத்தினா யாரு வந்து ரிப்பன் வெட்டுவா? மண்களம் இருந்தப்போ ஒவ்வொரு அறுப்புக்கும் புல்லு செதுக்கி, தண்ணி தெளிச்சு, சாணி மெழுகினோம். சிமெண்ட் வந்ததும் களம்னா பார்த்துக்க வேண்டிய பொருளுங்கிறதே மறந்து போச்சு.

மே 1 கிராம சபையில தார், மணல், ரெண்டு ஆள் கூலி, இந்த மூணையும் தீர்மானத்துல எழுதச் சொல்லிக் கேக்கப் போறேன்.