ஆற்றங்கரையில் கூடாரம்: தூங்குகிறவரை எழுப்புவது யார்?

சனி, ஞாயிறு வந்தால் போதும். சென்னையில் இருந்து காரும் மோட்டார் சைக்கிளும் கிளம்பி விடுகின்றன. ஏலகிரி, கொல்லிமலை, குடகு, வயநாடு என்று ஓட்டம். லாட்ஜில் ரூம் போட்டுப் படுத்த காலம் மலையேறிக் கொண்டிருக்கிறது. ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ துணிக் கூடாரம் அடித்துத் தங்குவதுதான் இப்போது நாகரிகம். கறி சுட ஒரு அடுப்பு, உட்கார மடக்கு நாற்காலி, காதில் தண்ணீர்ச் சத்தம். வாரம் பூரா ஆபீசில் தலை குனிந்து கிடந்தவனுக்கு இது சொர்க்கம்தான். தப்பு சொல்ல முடியாது.

ஆனால் ராத்திரி 3 மணிக்கு ஆறு பெருகி வந்தால், அங்கே குறட்டை விடுகிறவரை எழுப்புவது யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வெளிநாடுகளில் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் செத்திருக்கிறார்கள்.

45 நிமிடத்தில் 26 அடி

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் குவாடலூப் என்று ஓர் ஆறு. கரை நெடுகக் கோடை முகாம்கள், கூடாரத் திடல்கள். 2025-ம் ஆண்டு ஜூலை 4-ந்தேதி. அவர்களுக்கு அது சுதந்திர தினம், லீவு நாள். கரையெல்லாம் ஆட்கள்.

விடிவதற்கு முன் மலைப்பக்கம் பேய் மழை கொட்டியது. ஆற்றில் 45 நிமிடத்தில் 26 அடி தண்ணீர் ஏறியது. நம்ம ஊர்க் கணக்கில் மாடி வீடே முங்குகிற உயரம்! பெண் பிள்ளைகள் தங்கியிருந்த ஒரு முகாமில் மட்டும் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக் கொண்ட இளம் பெண்களுமாக 27 பேர் பலியானார்கள். வட்டாரம் முழுவதும் சேர்த்து 130 பேருக்கு மேல் மாண்டார்கள்.

வானிலை ஆபீஸ் சொல்லவில்லையா? சொன்னது. ராத்திரி 1.14 மணிக்கே வெள்ள எச்சரிக்கை கொடுத்து விட்டது. அந்த நேரத்தில் செல்போனை எடுத்துப் பார்ப்பது யார்? ஆற்றங்கரையில் அபாயச் சங்கு வைக்க வேண்டும் என்று அந்த மாவட்ட நிர்வாகம் பல வருஷம் முன்பே பேசியது. சுமார் 10 லட்சம் டாலர் திட்டம். பணம் கிடைக்கவில்லை. சங்கும் வரவில்லை.

சங்கு ஊதிய ஊர்

அதே ஆற்றில் கீழே கம்ஃபர்ட் என்று ஒரு சிறிய ஊர். அங்கே தீயணைப்புத் தொண்டர்கள் சங்கு வைத்திருந்தார்கள். வெள்ளம் வருகிறது என்று தெரிந்ததும் ஊதினார்கள். ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். அந்த ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை.

கீழே இருந்ததால் அவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஊருக்குப் பழைய காயம் உண்டு. 1987 ஜூலையில் இதே ஆறு பெருகியபோது, முகாமில் இருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பஸ் அந்த ஊர் அருகே வெள்ளத்தில் சிக்கியது. 10 பேர் இறந்தார்கள்.

2025 செப்டம்பரில் டெக்சாசில் புதுச் சட்டம் வந்தது. வெள்ளம் ஏறும் இடத்தில் பிள்ளைகள் தூங்கும் குடில் இருந்தால் முகாமுக்கு லைசென்ஸ் கிடையாது. பிணம் விழுந்த பிறகு சட்டம் வருவது நம்ம நாட்டு வழக்கம் மட்டும் அல்ல!

பெயர்ப் பட்டியலும் போச்சு

பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவில் 2010 ஜூன் 11-ந்தேதி நடந்தது இன்னும் பரிதாபம். காட்டுக்குள் லிட்டில் மிசௌரி ஆற்றங்கரையில் அரசாங்கமே நடத்திய கூடாரத் திடல். 3 அடி ஓடிய ஆறு விடியற்காலைக்குள் 23 அடியைத் தாண்டியது. 20 பேர் பலி. எச்சரிக்கை கொடுத்தும் பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்கவில்லை.

விடிந்ததும் தேடப் போனவர்களுக்கு ஒரு திண்டாட்டம். எத்தனை பேர் தங்கியிருந்தார்கள் என்றே தெரியவில்லை. வந்தவர்கள் பெயர் எழுதிப் போட்ட பதிவையும் ஆறு கொண்டு போய்விட்டது!

வானம் பார்க்காதே

ஆற்றங்கரையில் சமதளமாக, மணல் மெத்தை மாதிரி ஓர் இடம் கண்ணில் படுகிறது. கூடாரம் அடிக்க வாகான இடம். அந்த மணலையும் கூழாங்கல்லையும் அங்கே கொண்டு வந்து கொட்டியது யார்? அதே ஆறுதான். முன்பு ஏறிய இடத்தில் திரும்பவும் ஏறும்.

ஸ்பெயின் நாட்டில் பியஸ்காஸ் என்ற மலையூரில் இதைத்தான் கவனிக்கவில்லை. காட்டாறு கல்லும் மண்ணும் கொட்டி உண்டாக்கிய மேட்டிலேயே கூடாரத் திடலுக்கு அனுமதி கொடுத்தார்கள். மேலே ஓடையில் தடுப்பணைகள் கட்டியிருக்கிறோம் என்று தைரியம். 1996 ஆகஸ்டு 7-ந்தேதி சாயங்காலம் தடுப்பணைகள் உடைந்து கல்லும் சேறுமாக இறங்கியது. 87 பேர் பலி. ஒன்பது வருஷம் கழித்து 2005-ல் கோர்ட்டு அரசாங்கத்தின் மேல்தான் தப்பு என்று சொல்லி, சுமார் 1 கோடியே 10 லட்சம் யூரோ நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கிறதே என்று பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. மழை பெய்வது பல மைல் தள்ளி மலையில். இங்கே ஒரு தூறல்கூட இருக்காது. முதலில் தண்ணீர் கலங்கும். சருகும் குச்சியும் மிதந்து வரும். பிறகு இரைச்சல் மாறும். அதற்கப்புறம் நிமிடக் கணக்குதான். அரை அடித் தண்ணீர் வேகமாக வந்தால் வளர்ந்த ஆளைச் சாய்த்து விடும். இரண்டு அடி வந்தால் காரையே இழுத்துக்கொண்டு போகும்.

ஏரிக்கரையில் இப்படித் திடீர் வெள்ளம் குறைவு. அங்கே எமன் வேறு ரூபம். போதையில் குளிக்க இறங்குவது, சேற்றில் கால் மாட்டுவது.

சொல்லியும் கேட்காதவர்கள்

சங்கு ஊதினால் மட்டும் போதுமா? ஜப்பானில் குரோகுரா ஆற்றின் நடுத் திட்டில் கூடாரம் அடித்தவர்களிடம் 1999 ஆகஸ்டு 13-ந்தேதி அணைக்கட்டு ஊழியர்கள் வந்து சொன்னார்கள். போலீசும் வந்து சொன்னது. ஒரு கூட்டம் மட்டும் அசையவில்லை. மறுநாள் தண்ணீர் சூழ்ந்தது. 18 பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதை டெலிவிஷனில் நாடே பார்த்தது. கடைசியில் அடித்துக்கொண்டு போனது. 13 பேர் பலி.

நம்ம பக்கம்

2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையன் பலியானான். அது பட்டப்பகல். ஆள் நடமாட்டம் உள்ள இடம். அலறியடித்து ஓட மற்றவர்களுக்கு வழி இருந்தது. ராத்திரியில் ஜிப் போட்ட கூடாரத்துக்குள் இருப்பவனுக்கு அந்த வழியும் இல்லை.

2015 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் ரிஷிகேஷ் பக்கம் கங்கையின் நடுவில் இருந்து 100 மீட்டருக்குள் கூடாரம் கூடாது என்றது. அதுவும் கங்கை அசுத்தமாகிறது என்ற வழக்கில் வந்த உத்தரவு. குரங்கணி காட்டுத் தீயில் 23 பேர் மாண்ட பிறகு 2018-ல் தமிழ்நாட்டில் விதிகள் போட்டார்கள். அது காட்டுக்குள் மலையேறப் போகிறவர்களுக்கு. ஆற்றோரப் பட்டா நிலத்தில் கூடாரம் வாடகைக்கு விடுகிற தோட்டக்காரருக்கு அதனால் கவலை இல்லை.

மேட்டூரிலோ பவானிசாகரிலோ தண்ணீர் திறந்தால் "கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகவும்" என்று அறிவிக்கிறார்கள். ஒலிபெருக்கி கட்டிய வண்டி கிராமத்துக்குப் போகும். கிராம நிர்வாக அதிகாரிக்குத் தன் ஊரில் யார் யார் கரையில் குடியிருக்கிறார்கள் என்று தெரியும். நேற்று ராத்திரி மெட்ராசில் இருந்து வந்து தோப்புக்குள் படுத்திருப்பவர்களை அவருக்கு எப்படித் தெரியும்?

வாடகைக்கு விடுகிறவர் ராத்திரி முழிக்க ஒரு காவலாளியும், கையில் ஒரு சங்கும், அணைக்கட்டு ஆபீஸ் போன் நம்பரும் வைத்துக்கொள்ள ஒரு கூடாரத்தின் வாடகைகூட ஆகாது. பெரும்பாலும் கேட்பது ஆதார் அட்டை நகல்தான். அதைப் போட்டு வைக்கும் மேஜையும் அதே ஆற்றங்கரைக் கொட்டகையில்தான் இருக்கிறது.