பாளையங்கோட்டை என்ற பெயரில் ஒரு படை

1914 நவம்பரில், ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படைகளில் ஒன்றின் பெயர் 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. நம் ஊர்ப் பெயரோடு கடல் கடந்து போன அந்தப் படையைப் பற்றித் திருநெல்வேலியில் எத்தனை வீடுகளில் பேசியிருப்போம்? 1801-இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். இந்தப் படையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

காரணமும் நமக்குத் தெரியும். வெள்ளைக்காரன் சம்பளம் வாங்கிய படை. பாளையக்காரர்களை ஒடுக்கிய கம்பெனிப் படையின் வழிவந்த படை. போதாக்குறைக்கு, தாங்காவில் சிதறி ஓடிய படை. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கைவிட்டோம். அதனால், ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்ததே அந்தப் படையைப் பற்றிய ஒரே சாட்சியமாக நிலைத்துவிட்டது.

அந்தச் சிப்பாய்கள் அக்டோபர் நடுவில் பம்பாயை விட்டதிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் கப்பலில் நெருக்கியடித்துக் கிடந்தவர்கள். போகிற இடத்தை யாரும் சரியாக வேவு பார்க்கவில்லை. படை இறங்கும் முன்பே ஒரு போர்க்கப்பலின் தலைவர் துறைமுகத்துக்குப் போய், சரணடையச் சொல்லிக் கெடு வைத்தார். ஜெர்மானியருக்கு ஆள் சேர்க்க அவகாசம் கிடைத்தது. புதர்க்காடு, எந்திரத் துப்பாக்கி, கூடு கலைந்து கொட்டிய தேனீக்கள். சுமார் 8,000 பேர் கொண்ட படையைச் சுமார் 1,000 பேர் விரட்டினார்கள். பழி சிப்பாய்கள் தலையில் விழுந்தது. அந்த இளக்காரம் புதிதும் அல்ல. 1880-களில் சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லை என்று கருதியவர். ஆள் எடுப்பு வடக்கே நகர்ந்ததில் அவர் கருத்துக்குப் பெரும் பங்குண்டு. இதையெல்லாம் எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு இருந்தது. நாம் செய்யவில்லை.

கையில் இருந்ததையும் காப்பாற்றவில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் சிப்பாய்களுக்குத் தந்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியாலானது. அதன் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு சின்ன எழுத்தில் பொறித்திருக்கும். பல ஊர்களில் நட்ட போர் நினைவுக் கல்லில்கூட இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்ற கணக்குதான் உண்டு, பெயர் கிடையாது. பெயர் இருந்தது அந்த விளிம்பில்தான். கல்யாணச் செலவுக்கும் விதை நெல்லுக்கும் அதை எடைக்குப் போட்டோம். வறுமையில் விற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விற்கும் முன் அந்த ஒரு வரியைத் தாளில் எழுதிவைக்கும்படி, படித்த நாம் யாரிடமும் சொல்லவில்லையே, அதுதான் நம் குற்றம்.

பாளையங்கோட்டையிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு கண்ணாடி அலமாரி போதும் தொடங்குவதற்கு. தாங்கா தோல்வியையும் மறைக்காமல் அதில் வைக்க வேண்டும். பழைய வீட்டை இடிக்கப் போகிறவர்கள் பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பென்சன் தாள், சீருடையில் நிற்கும் தாத்தாவின் படம், ஒரு பட்டன் என்று எது கிடைத்தாலும், யாருடையது, எந்த ஊர் என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டிக் கொடுங்கள்.