கொறங்காடு போனால் காங்கயம் ஏது?

காங்கயம் மாட்டின் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையானால் திமிலும் கழுத்தும் கருக்கும். காயடித்தால் அந்தக் கருமை வெளுத்துவிடும். இந்த இனத்தை ஊன்றி வளர்த்தவர்களாகப் பழையகோட்டைப் பட்டக்காரர்களைச் சொல்வார்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் பேச்செல்லாம் வாடிவாசல் காளையோடு நின்றுவிடுகிறது. பசுவையும் அது மேயும் நிலத்தையும் யாரும் கேட்பதில்லை. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம்: இதுதான் கொறங்காடு. பாசனம் இல்லை. கோடையில் புல் காய்ந்தாலும் வேலங்காய் உதிர்ந்து மாட்டின் வயிற்றைக் காக்கும். வேலி அடைப்பாக இருந்தால் மேய்க்க ஆளும் வேண்டாம்.

பால் கறக்காத மாட்டை வைத்து என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், கலப்பினப் பசுவோடு பாலில் இது போட்டியிட முடியாது. இது ஏருக்கும் வண்டிக்கும் கவலை இறைக்கவும் உருவான மாடு. அந்த வேலைகளை டிராக்டரும் மோட்டாரும் எடுத்துக்கொண்டன. நாட்டுப்பாலுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் (நகரத்து மோகம் எத்தனை நாளைக்கு?) போதாது. உறைவிந்து சேமித்தால் இனம் பிழைக்கும் என்பவர்கள், வறட்சியைத் தாங்கும் உடம்பு மேய்ச்சலில் வாழ்ந்தே தேறியது என்பதை மறக்கிறார்கள். கொறங்காட்டை வீட்டுமனையாக்காமல் காப்பவருக்கு ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் அரசு பணம் தரட்டும். காளைக்குத் தரும் பரிசை விட அது அவசரம்.