மார்ச் மாதத்துச் சாதனை

மார்ச் பிறந்தால் வருமான வரி அலுவலகங்களில் இலக்குக் காய்ச்சல்தான். எவ்வளவு வரி கேட்டு ஆணை போட்டார் என்பதே அதிகாரியின் சாதனையாகிறது. அந்த ஆணை மேல்முறையீட்டில் நின்றதா என்று பார்ப்பவர் அரிது. தீர்ப்பாயம் முதல் உச்ச நீதிமன்றம் வரை துறை கொண்டுபோகும் வழக்குகளில் ஜெயிப்பது 30 சதவீதத்துக்கும் குறைவு என்று 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை சொன்னது. அரசின் அறிக்கைதான், எதிர்க்கட்சியுடையது அல்ல! இப்படியோர் ஆணையில் மாட்டிய ஹார்டுவேர் கடைக்காரர், வசூலை நிறுத்திவைக்கவே கேட்ட வரியில் பொதுவாக 20 சதவீதம் கட்டிவிட்டு ஆடிட்டர் வீட்டுப் படியேறிக்கொண்டிருப்பார். நியாயமாக ஆணை எழுதிய அதிகாரிக்கோ ‘வசூல் போதாது’ என்ற பெயர்தான் மிச்சம். போட்ட ஆணைகளில் எத்தனை நிலைத்தன என்ற கேள்வியைப் பதவி உயர்வு மதிப்பீட்டில் நேரடி வரிகள் வாரியம் முதல் கேள்வியாக வைக்கட்டும்.